கடலிலிருந்து திரும்பி வந்த துணி

என் அன்பு மாமா,

நீங்கள் மறைந்த பிறகு நெருப்பெரிச்சல் ஊரில் இருக்கும் நம் துணிக் கொட்டகையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நம் மகள் காலேஜுக்குப் போகிறாள். வீட்டில் உங்கள் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறாள். பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட்டைப் பிசிறு நீக்கி, எண்ணெய் துடைக்கும் துணியாகப் பேல் போட்டுப் பொதி கட்டி, நீங்கள் முன்பு வேலை பார்த்த, கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்கே இன்னும் அனுப்புகிறோம். இல்லை, போன வாரம் வரை அனுப்பினோம்.

நம்மிடம் துணி வாங்கி மேடைகளுக்கு அனுப்பி, அங்கிருந்து கழிவையும் எடுத்துவரும் ஏஜெண்ட் போன வாரம் ஒரு லாரியோடு வந்தார். தார்ப்பாயைத் தூக்கினால், நாம் அனுப்பிய துணிதான். கச்சா எண்ணெயும் ஏதேதோ ரசாயனமும் ஊறிக் கறுத்துப்போய், மூட்டை மூட்டையாக.

"அலசி மறுபடி பேல் போட்டுக் குடுத்துருங்க அக்கா. உங்க ஊர்ல இல்லாத சாயப்பட்டறைங்களா? சாயத்தண்ணியோட தண்ணியா போயிரும்" என்றார்.

அதற்குள் நம் கொட்டகையில் பேல் கட்டும் ஜமீலா ஒரு மூட்டையைப் பிரித்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கை சிவந்து எரிய ஆரம்பித்தது.

மேடையில் சேரும் கழிவை வகை பிரித்து, மூடி, கரைக்குக் கொண்டுவந்து, எரிக்க உரிமம் உள்ள இடத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வீர்களே. நான் பாதிதான் கேட்டிருப்பேன். அந்தப் பாதி போதுமாக இருந்தது.

"இல்லீங்க, இது இங்க இறங்காதுங்க" என்றேன். ஏஜெண்ட் கோபமாகக் காரில் ஏறிப் போய்விட்டார். லாரி டிரைவர் மட்டும் கையில் போனோடு நின்றார்.

"ஓடையில கொட்டிட்டு வரச்சொல்லி போன்ல சொல்றாருக்கா. நான் என்ன பண்றது?"

மழை இருட்டிக்கொண்டு வந்தது; மூட்டைகள் நனைந்தால் எண்ணெய் ஓடைக்குத்தான் ஓடும். லாரியைக் கொட்டகைக்குள் விடச் சொல்லிக் கேட்டைப் பூட்டினேன். உங்கள் போனில் தேடி, உங்களோடு மேடையில் இருந்து, இப்போது கரை ஆபீஸில் இருக்கும் சூப்பர்வைசரை அழைத்தேன். உங்கள் பெயரைச் சொன்னதும் லாரி நம்பரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மறுநாள் மதியம், உரிமம் உள்ள கம்பெனியின் வண்டியோடு அவரே வந்துவிட்டார். எரிக்கக் கொடுத்தாயிற்று என்று மேடைக்காரர்களிடம் ஏஜெண்ட் பொய்க் கணக்குச் சொல்லியிருந்த துணியாம் அது. அத்தனையும் ஏற்றிப் போனார்கள். ஒழுகிய இடத்தில் மரத்தூள் போட்டு வழித்து, அதையும் அவர்களிடமே கொடுத்தோம்.

ஏஜெண்ட் நம் ஆர்டரை நிறுத்திவிட்டார். இப்போது லாரிப் பட்டறைகளுக்கு மட்டும் கொஞ்சம் துணி போகிறது. நேராக ஆர்டர் தரச் சொல்லிப் பார்ப்பதாகச் சூப்பர்வைசர் சொன்னார். வந்தால்தான் தெரியும். நீங்கள் இருந்திருந்தால் அந்த ஏஜெண்டிடம் கத்தியிருப்பீர்களா, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பீர்களா?

ஜமீலாவுக்குக் கை ஆறிவிட்டது. "இனி நமக்கு வேலை இருக்குங்களாக்கா?" என்று நேற்றுக் கேட்டாள். இருக்கும் என்றேன். ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் நம் ஆட்களில் ஒருவரையும் நிறுத்த மாட்டேன் மாமா. அந்த மாதிரி மூட்டை ஒன்றைக்கூட இறக்கவும் விட மாட்டேன்.

உங்கள் மனைவி,
சரஸ்வதி