பின்பக்கத்தில் ஒரு ‘ஆம்’

பேர்லேண்ட், டெக்ஸாஸ்
12.2.1998

அன்புள்ள அம்மாவுக்கு,

தென்றல் எழுதிக்கொள்வது. நான், மதன், வெண்பா மூவரும் சுகம். சூலூரில் வெயில் ஆரம்பித்திருக்கும், மதியத்தில் வெளியே அலையாதே.

போனில் சொல்லலாம் என்றால், நீ பூத்தில் நின்றுகொண்டு ‘சரி, சரி’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். இத்துடன் உன் விசா ஃபார்ம் இருக்கிறது. மதன் ஆபீசில் டைப் பண்ணி முடித்துவிட்டார். உன் பெயரும் அப்பா பெயரும் முதலில் இடம் மாறிப்போய், நீ ‘மயில்சாமி’ ஆகிவிட்டாய். அதைத் திருத்தி மறுபடி அடித்தார்.

பின்பக்கத்துக் கேள்விகளை யாராவது படித்துச் சொன்னால் பயந்துவிடாதே. போதைப்பொருள் விற்றதுண்டா, குண்டு வைக்க வருகிறாயா, ஹிட்லர் ஆட்சிக்கு உதவினாயா என்றெல்லாம் இருக்கும். எல்லாருக்கும் அதே கேள்விகள்தான். அத்தனைக்கும் ‘இல்லை’ என்று மதன் டிக் பண்ணிவிட்டார். நீ கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

சீக்கிரம் வாம்மா. வெண்பாவை டேகேர் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்காக ஃப்ரீவேயில் ஏறும்போது தினமும் மனசு என்னவோ போல் ஆகிவிடுகிறது. நீ வந்தால் ஆறு மாதமாவது நிம்மதியாக இருப்பேன்.

உன் மகள்,
தென்றல்


சூலூர்
1.3.1998

அன்பு மகள் தென்றலுக்கு அம்மா எழுதுவது. உன் கடிதமும் படிவமும் பத்திரமாக வந்து சேர்ந்தன. மாப்பிள்ளையையும் பேத்தியையும் கேட்டதாகச் சொல்லவும்.

என்ன இருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. எதிர்வீட்டுச் சாந்தி டீச்சரை வரச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொன்னேன். ஒரு கேள்வி வந்ததும் சாந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டது. “அக்கா, இத நான் எப்படிங்க உங்ககிட்டக் கேப்பேன்?” என்றது. “கேளு சாந்தி, கவர்ன்மெண்டே கேக்கறப்ப உனக்கென்ன?” என்றேன். விபசாரம் செய்ததுண்டா என்று இருக்கிறதாம். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் காப்பி ஆறிப்போனது.

ஆனால் கண்ணு, ஒரு கேள்விக்கு மட்டும் மாப்பிள்ளை தப்பாக டிக் செய்திருக்கிறார். ‘எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா’ என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதற்கு ‘ஆம்’ என்று வர வேண்டும். வேறு படிவம் ஒன்று அடித்து அனுப்பச் சொல். அவர்மேல் குற்றமில்லை, அவருக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. விவரத்தை நேரில் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா


பேர்லேண்ட்
13.3.1998

அம்மா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீயா? எதற்கு? யாரோ புகார் கொடுத்து ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு அனுப்பியதையெல்லாம் கைது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயா?

எதுவாக இருந்தாலும் அந்த ‘இல்லை’ அப்படியே இருக்கட்டும். ‘ஆம்’ என்று ஒரு டிக் விழுந்தால் விசா கிடைக்காது. ஒருமுறை மறுத்துவிட்டால் அடுத்த முறையும் அதையே கேட்பார்கள். “உங்கம்மா எதுக்கு இத இப்பக் கெளப்பறாங்க?” என்று மதன் கேட்கிறார். அவருடைய அப்பா அம்மாவுக்கு இது தெரியவே கூடாது. எங்கள் கல்யாணத்துக்கு அவர்கள் எவ்வளவு விசாரித்தார்கள் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும்.

அப்பா இருந்திருந்தால் உன்னை இப்படி எழுத விட்டிருக்க மாட்டார். புது ஃபார்ம் அனுப்பப் போவதில்லை. அதிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போ. எனக்காக இதைச் செய்.

தென்றல்


சூலூர்
4.4.1998

அன்பு மகள் தென்றலுக்கு,

நீ சொன்னபடியே கையெழுத்துப் போட்டு, சென்னையில் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய்விட்டு வந்தேன். விசா கொடுக்கவில்லை. கோபப்படாமல் கடைசிவரை படி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மா, கூடவே தமிழ் பேசுகிற ஒரு ஐயா. பேர், ஊர், மகள் என்ன வேலை, எப்போது திரும்புவீர்கள், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அப்புறம் அந்த ஐயா, “நீங்க எப்பவாவது கைதாகியிருக்கீங்களா?” என்று, ஏதோ காப்பி சாப்பிட்டீர்களா என்கிற மாதிரிக் கேட்டார். உன் சொல்லுக்காகக் கை கையெழுத்துப் போட்டுவிட்டது. ‘இல்லை’ என்று சொல்ல வாய் வரவில்லை. “ஆகியிருக்கேனுங்க. பத்தொம்பது நாள் ஜெயில்ல இருந்தேன்” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். படிவத்தில் இருப்பது ஒன்று, நீங்கள் சொல்வது ஒன்று, எது உண்மை என்பதற்கு ஆதாரம் கொண்டுவாருங்கள் என்று பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இனி உனக்குச் சொல்லாமல் இருப்பதில் அர்த்தமில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம். எனக்கு இருபத்தொரு வயது, உனக்கு எட்டு மாதம். மில்லில் ரீலிங் பிரிவில் வேலை, முழுக்கப் பெண்கள். கைக்குழந்தைகளை கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் விட்டுவிட்டு உள்ளே போவோம். ஆறேழு வயதுப் பிள்ளை ஏதாவது பார்த்துக்கொள்ளும். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதும்வரை வெளியே விடமாட்டார்கள். பால் கட்டிக்கொண்டு சேலை நனையும், அப்படியே நூல் சுற்றுவோம்.

என் பக்கத்து மெஷின் பவளம். அவளுடைய பையன் ஐந்து மாதம், தங்கவேலு என்று பெயர். மாசி மாதம் ஒருநாள் காய்ச்சலோடு தூக்கி வந்தாள். பத்து மணிக்கு மரத்தடியில் குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது. கேட்டைத் தட்டிச் சொன்னார்கள். மேஸ்திரி, “சங்கு ஊதட்டும்” என்றார். சங்கு ஊதி அவள் ஓடியபோது எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் இருபத்துமூன்று பெண்கள் கேட்டுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டோம், பஞ்சு லாரி எதுவும் போகக்கூடாது என்று. கேட்டது இவ்வளவுதான்: குழந்தைகளைப் படுக்கவைக்க ஒரு அறை, நடுவில் போய்ப் பால் கொடுக்க அனுமதி. முதலில் படுத்தவள் பவளம், அடுத்து நான். போலீஸ் வேனில் ஏற்றும்போது உன்னை யாரிடமும் கொடுக்க மனமில்லாமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டேன். ஆமாம் கண்ணு, நீயும் வந்தாய்.

ஜெயிலில் நாலாம் நாள் எனக்குக் கடுமையான காய்ச்சல், பால் வற்றிவிட்டது. நீ அழுத அழுகையில் அந்தக் கொட்டடியே தூங்கவில்லை. பவளம் எழுந்து வந்து, “இங்க குடு” என்று உன்னை வாங்கிக்கொண்டாள். பிள்ளையைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகாதவள். மீதி நாள் முழுக்க அவள்தான் உனக்குப் பால் கொடுத்தாள்.

உங்கப்பா தினமும் மாலையில் ஜெயில் வாசலுக்கு வந்து நின்றுவிட்டுப் போவார். ஒரு வார்த்தை திட்டியதில்லை. வெளியே வந்தபின் ஒன்றே ஒன்று கேட்டார்: “வசந்தா, புள்ளைக்கு நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வர்றப்ப இது யார் காதுலயும் விழ வேண்டாம்.” சரி என்றேன். முப்பது வருஷம் காப்பாற்றினேன். ஆனால் கேட்காதபோது சொல்லாமலிருப்பது வேறு, கேட்டபின் இல்லை என்பது வேறு. நான் கைதாகவில்லை என்றால், அந்தக் கேட்டும் இல்லை, தங்கவேலுவும் பிறக்கவே இல்லை என்று ஆகிவிடுகிறது. அதை என்னால் சொல்ல முடியவில்லை.

நான் வராமல் போனாலும் பரவாயில்லை. நீ என்மேல் வருத்தப்படாமல் இருந்தால் போதும்.

அம்மா


பேர்லேண்ட்
16.4.1998

அம்மா,

உன் கடிதத்தை டேகேர் வாசலில், காருக்குள் உட்கார்ந்து படித்தேன். கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. வரிசையாகச் சின்னப் படுக்கைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்வை. வெண்பா தூங்கிக்கொண்டிருந்தாள். எப்போது வேண்டுமானாலும் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகலாம், யாரும் என்னைத் தடுக்கப் போவதில்லை. இரண்டு வருஷமாக அந்தக் கதவை ஒரு குறையாகவே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தெருவில் போலீஸ்காரர் வந்தால் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவாய். எங்கம்மா பயந்த சுபாவம் என்று காலேஜ் ஹாஸ்டலில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது தலை நிமிரவில்லை.

போன கடிதத்தில் நான் எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடு. உன் கடிதத்தை மதனிடம் கொடுத்தேன். சமையலறையில் நின்றபடியே படித்தார். “நான் எவ்வளவு ஈசியா டிக் பண்ணிட்டேன் பாரு” என்றார். ஞாயிற்றுக்கிழமை அவராகவே போன் பண்ணி, அவருடைய அப்பாவிடம் முழுவதும் சொல்லிவிட்டார். மாமா, “அந்தம்மாவுக்கு நான் ஒரு கும்பிடு போட்டேன்னு சொல்லு” என்றாராம்.

இத்துடன் புது ஃபார்ம் வைத்திருக்கிறேன். அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறோம். உன் கையால் டிக் போடு. விசா கிடைக்காவிட்டால் நாங்கள் மூன்று பேரும் அங்கே வருகிறோம்.

பவளம் அம்மா இப்போது எங்கே இருக்கிறார்?

தென்றல்


சூலூர்
25.5.1998

அன்பு மகள் தென்றலுக்கு,

விசா கிடைத்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆதாரத்துக்காகக் கோர்ட்டுக்குப் போனேன். அவ்வளவு பழைய கட்டுகளை விதிப்படி அழித்துவிடுவார்களாம். ஜெயிலில் சேர்க்கைப் பதிவேடு மட்டும் இருந்தது. அங்கே ஒரு எழுத்தர், சுந்தரராமன் என்று பெயர், மூன்று நாள் தேடி எடுத்தார். செல்லரித்த பக்கம். என் பெயர் இருந்த வரியை விரலால் காட்டி, “நீங்கதானாங்கம்மா இது?” என்றார். என் பெயருக்கு எதிரே ‘கைக்குழந்தை ஒன்று, பெண்’ என்று எழுதியிருந்தது. அந்த வரியை மறுபடி மறுபடி படித்துக்கொண்டு நின்றேன். நாற்காலி போட்டுக் கொடுத்தார். நகல் எடுத்து முத்திரை வைத்துக் கொடுத்தார்கள்.

சென்னையில் அதே கண்ணாடி, அதே அம்மா. காகிதத்தைப் படித்துவிட்டு, எதற்காகக் கைது என்று கேட்கச் சொன்னார். “புள்ளைகளப் படுக்கப்போட ஒரு ரூம் கேட்டமுங்க” என்றேன். முதல் படிவத்தில் ஏன் ‘இல்லை’ என்று இருந்தது என்றார். “நிரப்பினவங்களுக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சே கையெழுத்துப் போட்டது நானுங்க. தப்பு என்னுது” என்றேன். அந்த அம்மா நகலை மறுபடி எடுத்துப் பார்த்தார். அப்புறம் ஒன்று கேட்டார். தமிழ் ஐயா அதைத் தமிழில் சொன்னார்: “அந்த ரூம் கெடச்சுதாம்மா?”

“கெடச்சுதுங்க. பதினோரு தொட்டில் போட்டாங்க.”

சாயங்காலம் வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

பவளம் இருகூரில்தான் இருக்கிறாள். இருபது வருஷமாகப் போகாதவள், விசா கிடைத்த மறுநாளே போனேன். தங்கவேலுவுக்கு அப்புறம் அவளுக்குக் குழந்தையே தங்கவில்லை. தனியாக இருக்கிறாள், கண்பார்வை கொஞ்சம் மங்கல். நான் யார் என்று சொல்வதற்குள் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “அந்தக் கொழந்த எப்பிடி இருக்குது?” என்றாள். “அமெரிக்காவுல இருக்குது பவளம், அதுக்கே ஒரு கொழந்த” என்றேன். “ஒருக்கா பாத்துட்டாப் போதும்” என்றாள்.

ஜூன் கடைசியில் டிக்கெட் போடச் சொல்.

அம்மா


பேர்லேண்ட்
8.6.1998

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கிரீன் கார்டுக்காக எத்தனை அலைந்தோம், ஞாபகம் இருக்கிறதா? என்னைப் பற்றி இந்த உலகத்தில் எழுதப்பட்ட முதல் வரி எங்கே இருந்திருக்கிறது பார். நகலின் நகல் ஒன்று கொண்டுவா.

கிரீன் கார்டு ஃபார்மிலும் அதே கேள்வி இருந்தது. ஜெயிலில் இருந்ததுண்டா என்று. நான் ‘இல்லை’ என்று எழுதியிருந்தேன். அது பொய்யாகிவிடுமோ என்று எங்கள் லாயர் மகாதேவன் அங்கிளிடம் கேட்டேன். சிரித்தார். “கைக்குழந்தைய யாரும்மா கைது பண்ணுவாங்க? நீ எழுதினது சரிதான்” என்றார்.

டிக்கெட் போட்டாயிற்று. ஆனால் ஜூனில் இல்லை, ஆகஸ்டில். காரணம் இந்தக் கவரில் இருக்கிறது. பவளம் அம்மாவுக்கும் ஒரு ஃபார்ம் வைத்திருக்கிறேன். நீ அவரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு சாந்தி டீச்சர் உதவுவார்கள், நான் போனில் பேசிவிட்டேன். பின்பக்கத்துக் கேள்விகளை ஒன்றுவிடாமல் அவருக்குப் படித்துக் காட்டச் சொல். ‘ஆம்’ என்ற இடத்தில் அவரே டிக் போடட்டும்.

வருகிறவரின் செலவுக்கும் தங்குவதற்கும் நான் பொறுப்பு என்று இங்கே ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். நேற்று வெண்பாவை மடியில் வைத்துக்கொண்டு நானே என் கையால் நிரப்பினேன். பெயர், ஊர், வயது எல்லாம் எழுதிவிட்டேன். ‘உங்களுக்கு இவர் என்ன உறவு’ என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. அதை இன்னும் காலியாகவே வைத்திருக்கிறேன். இதில் தப்பாக ஒன்றும் எழுதிவிடக் கூடாது.

இருகூருக்குப் போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேள். என்ன எழுதட்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்கள்.

தென்றல்