சக்கரத்தடி எலுமிச்சை

அன்புள்ள வடிவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். இப்போதுதான் எழுதப் பழகினேன், இது முழுக்க நானே எழுதியது. உன் முழங்கால் வலி குறைந்ததா? தென்காசியில் நல்ல சாரல்.

நேற்று எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு குற்றாலம் வேனுக்கு தள்ளி நின்றே பொத்தானை அமுக்கி வண்டியைக் கிளப்பும் ரிமோட் ஸ்டார்ட்டர் மாட்டினார்கள். முதல் ஸ்டார்ட் என்பதால் நான் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன்.

"கியர எடுத்தாச்சா அண்ணாச்சி?" என்று வயரிங் சலீம் கேட்டான்.

"எடுத்தாச்சுலே, அமுக்கு!" என்றார் டிரைவர்.

மலைச்சரிவில் கியரிலேயே நிறுத்திப் பழகியவர், கியரை எடுக்க மறந்துவிட்டார். சலீம் அமுக்கியதும் வேன் முன்னால் குதித்தது. நான் விலகிவிட்டேன், பழம்தான் சட்னி.

'கியரைக் கையால் ஆட்டிப் பார். முன்னால் ஆள் இருக்கிறதா பார்' என்று சுவரில் எழுதிவிட்டேன். சலீம் அதைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் இப்போது பொத்தானை அமுக்குகிறான்!

இன்று எழுத்து கோணியது குளிரால்தான். என் கம்பளியைப் பஸ்ஸில் கொடுத்துவிடு. உனக்கு எழுதித் தருபவரிடம் பதிலைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல், நானே வாசிப்பேன். அடுத்த வாரம் நேராக எழுதுகிறேன்.

உன்
மணிமுத்து