எந்த டிவி வாங்கினோம் என்று கேட்டீர்களே

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். அண்ணனுக்குப் புது வேலை ஒத்துப்போகிறதா? இங்கே பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரிக்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

ஹாலுக்கு எந்த டிவி வாங்கினீர்கள் என்று நீங்கள் போனில் கேட்டபோது, அப்புறம் சொல்கிறேன் என்று சட்டென்று வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவர் காதில் விழும். அதனால்தான் எழுதுகிறேன்.

பழைய டிவி மங்கிவிட்டது என்று பல மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைப்பார். எனக்கும் பாப்பாவுக்கும் கண் கூசும். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "டிவில ஒண்ணும் கோளாறு இல்லையே சார், புதுசு மாதிரி இருக்கு" என்றார். இவருக்கு வந்ததே கோபம். அந்த ஞாயிற்றுக்கிழமையே கடைக்குக் கிளம்பினோம்.

கடையில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். சாதாரண எல்.இ.டி.யில் திரைக்குப் பின்னால் எப்போதும் விளக்கு எரியுமாம். அதனால் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும். கியூ.எல்.இ.டி.யிலும் பின்னால் விளக்குதான், ஆனால் நிறத்தைத் தூக்கிக் காட்ட ஒரு படலம் வைத்திருப்பார்கள். பளிச்சென்று இருக்கும், வெயில் விழுகிற அறைக்கு நல்லது. ஓ.எல்.இ.டி.யில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும். கறுப்பு அசல் கறுப்பாக இருக்கும். அதைக் காட்டுவதற்காக ஒரு காட்டுப் படம் போட்டாள். இருட்டு. இடது ஓரத்திலிருந்து ஒரு சிறுத்தை மெதுவாக நடந்து வந்து, நின்று, எங்களைப் பார்த்தது. முதுகில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது அண்ணி. நான் வாயைப் பிளந்து நின்றேன்.

உங்கள் தம்பி சிரித்தார். "என்னம்மா, வெறும் கறுப்புத் திரையக் காட்டி எங்க தலையில கட்டப் பாக்குறியா?" என்றார். அந்தப் பெண்ணும் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்று எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதையும் வாங்காமல் காரில் திரும்பினோம். பொழுது சாய்ந்திருந்தது. முன்னால் போன வேனின் சிவப்பு விளக்கையே பிடித்துக்கொண்டு ஓட்டினார். கடைத்தெரு முனையில் இடதுபக்கமிருந்து ஒருவர் தள்ளுவண்டியோடு குறுக்கே வந்தார். நான் அலறிய பிறகுதான் பிரேக் போட்டார். அந்த ஆள் கார் மூக்கில் ஓங்கி அறைந்து, கண்ணு அவிஞ்சு போச்சா என்று கத்தினார். "கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு வந்தா எப்படித் தெரியும்?" என்று இவர் முணுமுணுத்தார். அந்த ஆள் போட்டிருந்தது மஞ்சள் சட்டை.

இவர் ஓட்டுவது பள்ளிக்கூட பஸ் அண்ணி. இப்போதெல்லாம் சீக்கிரம் இருட்டிவிடுகிறது. பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டுவிடும் நேரம் அந்த நேரம்தான்.

மறுநாள் காலையில் அவர் கிளம்பியபோது நான் முந்திக்கொண்டு போய், வாசலில் நிறுத்தியிருந்த பஸ் படியில் உட்கார்ந்துவிட்டேன். தெருவே பார்த்தது. "இறங்கு" என்றார். மாட்டேன் என்றேன். "பைத்தியமா உனக்கு? இந்த ரோட்டுல ஒவ்வொரு குழியும் எனக்குத் தெரியும். கண்ண மூடிக்கிட்டே ஓட்டுவேன்" என்றார். சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். இஞ்சினை அணைத்தார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, "எனக்கு வேற என்ன வேல தெரியும், சொல்லு" என்றார். பிறகு அவரே பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, வேறு டிரைவரை அனுப்பச் சொன்னார்.

கண் டாக்டரம்மா நிறைய சோதனை செய்தார். ஓரத்திலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறதாம். இருட்டில்தான் முதலில் போகுமாம். நடுவில் இருப்பது எத்தனை காலம் தாங்கும் என்று சொல்ல முடியாது, திருப்பிக் கொண்டுவர மருந்தும் இல்லை, இனி எந்த வண்டியும் ஓட்டக் கூடாது என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். இவர், கேள்வி முடிவதற்குள், "யாருக்கும் இல்ல" என்றார். மேசைக்குக் கீழே என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். இன்னும் வலிக்கிறது.

டிவி வாங்கிவிட்டோம், கியூ.எல்.இ.டி. அந்த அழகான கறுப்பு இவருக்கு எதற்கு? பளிச்சென்று இருப்பதுதான் கண்ணுக்கு எட்டுகிறது. நாற்காலியைத் திரைக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டு நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறார். பாப்பா பக்கவாட்டில் வந்து நின்றால் தெரிவதில்லை. அவள் கூப்பிட்டதும் திடுக்கிட்டுத் திரும்புகிறார். அப்பாவை பயமுறுத்துவது விளையாட்டு என்று நினைத்து அவள் திரும்பத் திரும்பச் செய்கிறாள்.

டாக்டரம்மா பாப்பாவையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார். நேற்று கரண்ட் போனபோது அவள் செருப்பைத் தேடித் தரையெல்லாம் தடவினாள். எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் தடவும், எனக்குத் தெரியாதா? ஆனாலும் மெழுகுவத்தியை என்னால் கொளுத்த முடியவில்லை.

மாமா, உங்கள் அப்பா, மாடிப்படியில் தவறி விழுந்து இறந்தார் என்று கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் சொன்னீர்கள். அவருக்குப் பார்வை நன்றாக இருந்ததா? போன முறை வந்திருந்தபோது, விளக்குப் போடாமல் மாடி ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டீர்கள். பயந்தாங்கொள்ளி என்று நாங்கள் கேலி செய்தோம். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

சண்டைக்கு எழுதவில்லை அண்ணி. யார் யாரிடம் எதை மறைத்தார்கள் என்று நான் கேட்கப் போவதே இல்லை. டாக்டரம்மா கேட்கும்போது சொல்ல எனக்கு உண்மை வேண்டும், அவ்வளவுதான். உங்கள் கண்ணையும் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள். முடிந்தால் ஒருமுறை வந்து போங்கள். நீங்கள் எதிரே உட்கார்ந்தால் அவர் வாய் திறப்பார். வர முடியாவிட்டால் பதிலாவது எழுதுங்கள். எழுதும்போது பாப்பாவின் தலையில் கை வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுங்கள். அவளுக்கு உங்கள் ஆசீர்வாதம் வேண்டும்.

இப்படிக்கு,
உங்களையே நம்பியிருக்கும்,
தம்பி மனைவி