டினோஜாவுக்கு ஒரு கைப்பெயர்

03.03.2025, திங்கள்
யதுர்சிகாவின் நேர்முகம் பாழாய்ப் போனது. அவளுக்குக் காது கேளாது, கையால்தான் பேச்சு. கேள்வி கேட்பவர்கள் கொழும்பில், அவள் கைப்பேச்சை மொழிபெயர்க்கும் நசீறா வவுனியாவில், இவள் மன்னாரில், எங்கள் காது கேளாதோர் சங்கக் கந்தோரில். எல்லாரும் ஒரே திரையில். இரண்டாவது கேள்விக்குப் படம் நின்றது. அவள் இரண்டு கையும் அந்தரத்தில். மற்றவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் போகும். இவளுக்கு?

அந்தக் கொழும்புக் கம்பனியின் யாழ்ப்பாணக் கிளையில் அச்சு வடிவமைப்பு வேலை. 19ஆம் திகதி இன்னொரு தடவை கேட்பார்களாம். அதுதான் கடைசி.

ரவுட்டருக்கு இரண்டு தட்டுத் தட்டினேன். அதுக்கு நொந்திருக்காது.

05.03, திருநீற்றுப் புதன்
தவக்காலம் முடியும்வரை கோபப்படுவதில்லை என்று நேர்ந்திருக்கிறேன்.

06.03, வியாழன்
கோபப்பட்டாயிற்று.

பக்கத்துக் கீரி ஊரிலிருந்து டினோஜா வந்தாள். கந்தோர்களுக்கு நெட்வேர்க் போட்டுக் கொடுப்பவள். “இன்னும் ரெண்டு ரவுட்டர் வாங்கிப் பூட்டினாச் சரிதானே?” என்றேன்.

“பெற்றிசியா அக்கா, முதல்ல கந்தோரை நடந்து பாப்பம்.”

போனைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தாள். ஆர் எங்கே இருக்கிறது, ஆர் திரிகிறது என்று கேட்டுக் கேட்டு வரைந்தாள். எனக்குப் பொறுமை போய்க் கத்தியே விட்டேன். அவள் சிரித்தாள்.

“உங்கட சுவர் கோட்டைச் சுவர் மாதிரி. வைஃபை உள்ளால போகாது. இருந்து வேலை செய்யிறவைக்கு வயர், நடந்து திரியிறவைக்கு வைஃபை. எல்லாரும் படம் இறங்கிற வேகத்தைத்தான் பாக்கினம். யதுர்சிகான்ர கை இஞ்சயிருந்து போகவெல்லோ வேணும்? ஏத்திற வேகம்தான் முக்கியம்.”

இத்தனை வருசம் இவர்களோடு வேலை செய்கிறேன். எனக்கு ஏன் தோன்றவில்லை?

11.03, செவ்வாய்
என்ன வடிவான வேலை! சுவரோரம் குழாய் நேராக ஓடுகிறது. ஒவ்வொரு வயரின் இரண்டு நுனியிலும் பெயர் ஒட்டியிருக்கிறாள். நடு ஹோலின் கூரையில் புது வைஃபை பெட்டி. வந்தவர்களுக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன், நான் போட்டதுபோல.

பின்னேரம் நசீறாவைத் திரையில் பிடித்துச் சோதனை. படம் கண்ணாடி மாதிரி. பிறகு நின்றது.

“யேசுவே! இவ்வளவு செய்தும் இப்பிடியா!” தவக்காலம் போன இடம் தெரியவில்லை.

யதுர்சிகா என் தோளில் தட்டி ஜன்னலைக் காட்டினாள். வேலியோரம் ஒரு கழுதை, எங்களுக்கு இன்டர்நெட் பிடிக்கும் அன்டெனாவைக் கட்டிய இரும்புக் குழாயில் முதுகை ஆறுதலாக உரஞ்சிக்கொண்டு நின்றது. குழாய் ஆட, இன்டர்நெட்டும் ஆடியது. நேர்முகத்தன்றும் அது நின்றதாம். ஏனடி சொல்லவில்லை?

“ஒருத்தரும் கேக்கேல்லையே,” என்றது அவள் கை. சுருக்கென்றது.

டினோஜா நிலத்தில் குந்தியிருந்து சிரித்தாள். “கழுதையையும் பிளானில போட்டிருக்க வேணும். இது என்ர பிழை.” உடனே ஏணி வைத்து அன்டெனாவைச் சுவரின் உச்சியில் இறுக்கினாள். அதற்குப் பிறகு படம் அசையவில்லை.

போகும்போது யதுர்சிகா அவளுக்குக் கைப்பெயர் வைத்தாள். காது கேளாதவர்கள் பிடித்தவர்களை எழுத்துக்கூட்டிச் சொல்வதில்லை, அவர்களுக்கென்றே ஒரு சைகை வைப்பார்கள். டினோஜாவுக்கு: இரண்டு விரலால் நேர்கோடு இழுத்து, கடைசியில் வயரைப் பூட்டுவதுபோல ஒரு அமத்து. எனக்குப் புருவத்தைச் சுருக்குவது. வாய்த்தது அவ்வளவுதான்.

19.03, புதன்
நேர்முகத்தின் நடுவில் கரண்ட் போனது. என் உயிரும்.

ஆனால் படம் நிற்கவில்லை! பெட்டிகளுக்கு டினோஜா ஒரு பற்றரி வைத்திருந்தது எனக்கு மறந்தே போச்சு. யதுர்சிகாவின் கைகள் ஓடிக்கொண்டே இருந்தன. விறாந்தையில் நின்று அழுதேன். கெட்டிக்காரி. ரெண்டு பேருமே கெட்டிக்காரியள்.

24.03
கிடைச்சிட்டுது! மாதாவே, கிடைச்சிட்டுது!

29.04, செவ்வாய்
யதுர்சிகா முதன்முதலாக யாழ்ப்பாணக் கந்தோரிலிருந்து வீடியோவில் வந்தாள். புதுக் கதிரை, புதுச் சட்டை. எங்கள் பக்கம் பிழையே இல்லை. அவள் பக்கப் படம்தான் விட்டுவிட்டு வந்தது. “அங்கயும் கழுதையோ?” என்று கையால் கேட்டேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு இரண்டு விரலை உயர்த்தி, நேர்கோடு இழுத்து, கடைசியில் ஒரு அமத்து—

அதோடு படம் நின்றுவிட்டது.

டினோஜாவுக்குப் போன் எடுத்தேன். “பிள்ளை, யாழ்ப்பாணம் போக வேணும். உன்னைத்தான் கேக்கிறாள்.”