பத்துக்கும் பொட்டு வைத்தேன்

மோகனூர்,
12-9-1987

என் கண்ணு சௌந்திரத்துக்கு அப்பத்தா எழுதுவது.

அன்றைக்கு உன் காலேஜில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். பிரின்சிபால் அர்த்தநாரி. படிப்பின் தரம் பார்க்க யுனிவர்சிட்டியிலிருந்து வந்த மூன்று பேர்: ஜெபமலர் அம்மா, கண்ணாடி போட்ட ஒருவர், வெற்றிலை போட்ட ஒருவர். உன் அப்பன் சின்னண்ணன். நம் லாரி டிரைவர் சடையன். கூப்பிடாமலே வந்த என் ஓரகத்தி சென்னியம்மாள். நீ. நான். ஆக ஒன்பது பேர். யார் எங்கே நின்றார்கள் என்பதுகூட மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாயிருக்கும்.

மூன்றாவதோடு நின்றவள் நான், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். இதை இன்னொருத்தரிடம் சொல்லி எழுதச் சொல்ல எனக்கு முகமில்லை. உன் அப்பன் லோடு ஏற்றிக்கொண்டு ஆத்தூர் போயிருக்கிறான். அவன் வருவதற்குள் முடிக்க வேண்டும்.

முந்தின நாள் மத்தியானம் சேலத்திலிருந்து பத்து கம்ப்யூட்டர் நம் லாரியில்தான் வந்தது. ஒரு நாளைக்கு இரவல். அடியில் வைக்கோல், மேலே தார்ப்பாய். அதுவரை உங்களுக்கு இருந்தது ஜன்னலோரத்து இரண்டுதான், நாற்பது பிள்ளைகளுக்கு. பிரின்சிபால் என்னிடம், "நாளைக்குத் தேறலீன்னா கோர்ஸையே மூடிருவாங்கம்மா, உங்க பேத்திக்கு மூணு வருசமும் வீணாப் போயிருமுங்க" என்றார். மறுநாள் அவர்கள் வருவதற்குச் சற்று முன்னால், நான் புது வண்டிக்கு வைப்பது போலச் சந்தனம் குழைத்துப் பத்துக்கும் பொட்டு வைத்தேன்.

வந்ததும் ஜெபமலர் அம்மா சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டி உன்னைக் கேட்டார். இந்தப் படிப்பின் நோக்கங்கள் என்று ஐந்து வரி இங்கிலீஷில் இருந்தது. நீ தமிழில் சொன்னதால் எனக்கும் புரிந்தது. மிஷினுக்குத் தானே வேலை சொல்லிக்கொடுக்கத் தெரிய வேண்டும். அது தப்பாகச் செய்தால் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்ய, மேலே தானாகப் படித்துக்கொள்ளத் தெரிய வேண்டும். கடைசி வரி, தொழிலில் நேர்மை. இதில் எத்தனை உனக்கு வந்திருக்கிறது என்று அவர் கேட்டார். நீ, "வாரத்துக்கு இருவது நிமிசம் மிசினுகிட்ட உக்கார்றமுங்க. மத்ததெல்லாம் நோட்டுல எழுதிப் பாக்கறதுதானுங்க. இந்தப் பத்தும் நேத்து எங்க லாரியில வந்துச்சுங்க" என்றாய்.

சென்னியம்மாள் என் காதோரம், "இஞ்சினீரு இஞ்சினீருன்னு ஊரெல்லாஞ் சொன்னீங்களேக்கா, நோட்டுல எழுதிப் பாக்கறதுக்கு மோகனூர்லயே பள்ளிக்கூடம் இருக்குதே" என்று சிரித்தாள்.

பிரின்சிபால் என் பக்கம் திரும்பினார். இந்தப் பக்கம் எல்லைக்கல் தகராறு எது வந்தாலும் என் ஞாபகத்தைக் கேட்டுத்தான் முடிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். "இவங்க சொன்னா எங்க சீமையில சத்தியங்கூடக் கேக்கமாட்டாங்க" என்றார்.

"போன தையிலயே வந்துருச்சுங்க. புள்ள பயத்துல ஒளறுது" என்றேன்.

ஜெபமலர் அம்மா ஒரு மிஷினைத் தொட்டார். விரலில் பொட்டு ஒட்டிக்கொண்டது. தை மாதத்துச் சந்தனம் இன்னும் ஈரமாக இருக்கிறதே என்றார். "வெள்ளிக்கு வெள்ளி வெப்பமுங்க" என்றேன். அன்று செவ்வாய்க்கிழமை. அப்படியானால் ஜன்னலோரத்து இரண்டுக்கு ஏன் வைக்கவில்லை என்று கேட்டார். வெற்றிலை போட்டவர் இதெல்லாம் ஊர் வழக்கம் என்று சிரித்து, எல்லோரையும் சாப்பிடக் கிளப்பிக்கொண்டு போனார். நீ மட்டும் வரவில்லை. அந்த இரண்டு மிஷின் பக்கம் போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாய். நான் போய் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பாயசம்கூடக் குடித்தேன்.

தரம் திருப்தி என்று எழுதிவிட்டார்கள். நீ பொய் சொன்னதாக எழுதிக் கொடுத்தால்தான் வகுப்புக்குள் விடுவேன் என்று பிரின்சிபால் உன்னை மடக்கியதும், நீ எழுதாமல் சேலத்தில் உன் சிநேகிதி அந்தோணிமேரி வீட்டுக்குப் போனதும் சடையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன வாரம் ஜெபமலர் அம்மாவிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. திருப்தி என்ற தாளில் அவர் மட்டும் கையெழுத்துப் போடவில்லையாம். கண்ணால் பார்த்த இரண்டு பேர் எழுதிக் கொடுத்தால் மறுபடி விசாரிக்க வைப்பாராம். கோர்ஸை மூடினால் உங்களை வேறு காலேஜில் சேர்க்கக் கேட்பாராம், உறுதி சொல்ல முடியாது என்றும் எழுதியிருக்கிறார்.

இந்த உறைக்குள் இன்னொரு தாள் இருக்கிறது. எந்த நாள், எத்தனை மணி, எத்தனை மிஷின், லாரி நம்பர் எல்லாம் அதில் இருக்கிறது. நான் சொன்ன இரண்டு பொய்யும் இருக்கிறது. சடையனும் கையெழுத்துப் போட்டிருக்கிறான். லாரி நம்பரையும் எழுதிக் கொடுத்தது உன் அப்பனுக்குத் தெரிந்தால் லாரிச் சாவியைப் பிடுங்கிவிடுவானே என்றேன். "போனாப் போகுதுங்க, பாப்பா பொய் சொல்லலீன்னு ஒருத்தராச்சும் சொல்லோணுமுல்லீங்க" என்றான். அந்த ஒருத்தர் நானாக இருந்திருக்க வேண்டும், சாமி.

தாளைக் கொடுப்பதும் கிழித்துப் போடுவதும் உன் இஷ்டம். மூன்று வருசம் உன்னுடையது. விசாரணைக்குக் கூப்பிட்டால் எந்த ஊராக இருந்தாலும் பஸ் ஏறி வாரேன். அந்தோணிமேரி வீட்டில் கூச்சப்படாமல் சாப்பிடு. எங்கே படித்தாலும் நீ நல்லாயிருக்க வேண்டும்.

மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நான் யாரையும் லேசில் விடுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். என் சீமந்தத்துக்கு வராத சென்னியம்மாளை நாற்பத்தோரு வருசமாக விடவில்லை. ஆனாலும் அவளைச் சாவதற்குள் விட்டுவிடுவேன். பிரின்சிபாலையும் விட்டுவிடுவேன். விடவே மாட்டேன் என்று வைத்திருப்பது அன்றைக்குப் பாயசம் குடித்த ஒரே ஒருத்தியை.

கண்ணாத்தாள்