காற்றைத் தேடி வந்தவர்களின் கார்க் கதவுகள்

அக்டோபர் 14, புன்டா அரேனாஸ், தென் சிலி

வேதிப் பொறியியல் பட்டம் வாங்கிய நான் இன்றும் காபிதான் போட்டுக் கொடுத்தேன். எங்கள் ஊர்க் காற்றில் மின்சாரம் எடுத்து, அதைக்கொண்டு பசுமை அமோனியா செய்து, கப்பலேற்றி ஐரோப்பாவில் விற்பது திட்டம். கம்பெனி டென்மார்க்குடையது. இங்குள்ள அலுவலகத்தில் தலைவர் தோன் ஹென்னிங் (மரியாதைக்கு இங்கே 'தோன்' சேர்ப்போம்), நான், ஒரு காபி இயந்திரம். டிசம்பரில் தலைமையகம் சம்மதித்தால் எனக்கு நிரந்தர வேலை. இல்லையென்றால் அத்தோடு சரி. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா அதற்குள் தெருவெல்லாம் "எங்க இன்ஜினியரம்மா" என்று சொல்லி வைத்திருக்கிறார்.

அக்டோபர் 17

காற்றின் வேகம் அளக்கப் போனோம். தோன் ஹென்னிங் காரின் பின்பக்கம் காற்றைப் பார்க்கும்படி நிறுத்தினார். இங்கே யாரும் செய்யாத காரியம். "தோன் ஹென்னிங், திருப்பி நிறுத்தினா..." என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் கதவைத் திறந்தார். கீல் முறிந்து கதவு முன்பக்கமாக மடங்கிப் படுத்தது.

வேகம் அளந்தாயிற்று.

அக்டோபர் 18

கார் அப்பாவின் டிங்கரிங் பட்டறைக்கே வந்தது. வாடகைக் கார் காப்பீட்டில் காற்று பிய்த்த கதவு சேராது. ஆகவே அப்பாவுக்கு இது நல்ல வருஷம்.

"போன வாரம் பிரெஞ்சுக்காரன், அதுக்கு முன்னாடி ஜப்பான்காரன். இப்ப உன் முதலாளி. நீ சொல்லலையா யாஸ்னா?"

"சொன்னேன்ப்பா."

"எந்தக் குரல்ல? இந்தக் குரல்லயா?"

பட்டறையே சிரித்தது. எனக்கு மட்டும் வரவில்லை.

நவம்பர் 6

ஹோட்டல் அரங்கில் கூட்டம்: "வெளிநாட்டு நிறுவனங்களுக்கான வணிக வாய்ப்புகள்". காற்றாலை விற்பவர், குழாய் விற்பவர், ஆலோசனை விற்பவர் என்று எல்லோரும் விற்க வந்திருந்தார்கள். அமோனியா வாங்க ஒருவர்கூட இல்லை. வாங்கப்போவது யார் என்று கேட்கலாமா? கையைத் தோள்வரை தூக்கினேன். பிறகு முடியைச் சரிசெய்துகொண்டேன்.

நவம்பர் 7

பட்டறையில் இன்னொரு கதவு. நேற்றைய பேச்சாளருடையது.

டிசம்பர் 12

"சந்தை கனியும்வரை ஒத்திவைப்பு" என்று தலைமையகம் சொல்லிவிட்டது.

"திட்டம் சாகல யாஸ்னா. வாங்க ஆள்தான் இல்ல," என்றார் தோன் ஹென்னிங். விடைபெறும்போது காபி இயந்திரத்தை என் கையில் கொடுத்தார்.

அன்னைக்குக் கூட்டத்துலயே நான் கேட்டிருந்தா? ஒண்ணும் மாறியிருக்காது. ஆனா கேட்டிருக்கலாம்ல — ஏன் கேக்கல?

அப்பா ஆட்டுக்கறியைத் தணலில் வைத்தார். பெரிய துண்டு என் தட்டில். அதுதான் தாங்கவில்லை.

ஜனவரி 9

இதே அமோனியா செய்ய வந்திருக்கும் கொரியக் கம்பெனியில் நேர்முகம். வாசலில் நிற்கிறேன், அவர்களின் கார் வருகிறது, பின்பக்கம் காற்றுக்கு. உள்ளே ஒரு கை கதவுப் பிடியில்.

"தொறக்காதீங்க! வண்டியத் திருப்புங்க!"

தெருவே திரும்பிப் பார்த்தது. வண்டியும் திரும்பியது.

நேர்முக முடிவில், ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். கேட்டேன்: "உங்க அமோனியாவ வாங்கப்போறது யாரு?"

எதிரே இருந்த மூவரில் பெரியவர் சொன்னார்: "அதக் கண்டுபிடிக்கத்தான் உங்கள எடுக்கிறோம்."

அப்பாவிடம் சொன்னேன்.

"வேலை சரி. கதவு?"

"தப்பிச்சிருச்சுப்பா."

"பட்டறைக்கு வர வேண்டியத வாசல்லயே திருப்பி அனுப்பிட்டியே இன்ஜினியரம்மா."

மாத்தே என்ற இலைத் தேநீர் தவிர எதையும் குடிக்காத மனிதர், கையைத் துடைத்துவிட்டு, தோன் ஹென்னிங்கின் இயந்திரத்தில் எனக்கு ஒரு காபி போட்டார். தண்ணீர் கொஞ்சம் அதிகம். குடித்தேன்.