கிடைக்காத சுகத்துக்கு ஒரு ஸ்தோத்திரப் பாட்டு

அஜ்மான்
7-10-2006

கர்த்தருக்குள் அன்பான மகள் பியூலாவுக்கு உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், என் தொப்பை என்னைவிடச் சுகம், உன் சித்தியின் சுகத்தைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதமே, ஆனால் நீ கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற ஆள் என்பதால் அதை நடுவில் ஒளித்து வைத்திருக்கிறேன். நீ அந்த அயர்லாந்துக் குளிரில் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டராகப் போட்டு ஒரு பெரிய வெங்காயம் மாதிரி நடமாடுவாய் என்று நினைக்கிறேன், அப்படியே இரு, கழற்றாதே. போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் எனக்குக் கேலி மட்டும்தான் வருகிறது, உனக்கு அழுகை மட்டும்தான் வருகிறது, இரண்டையும் கேட்டுக்கொண்டே கார்டு தீர்ந்துபோகிறது. அதுவும் போன மாதம், சித்திக்கு நோய் திரும்பி வந்துவிட்டது என்று நான் சொன்ன அன்று, இனி ஜெபமும் வேண்டாம் சர்ச்சும் வேண்டாம் சித்தப்பா என்று சொல்லிப் போனை வைத்தாயே, அதற்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும் டூட்டி என்கிறாய். அயர்லாந்து முழுவதற்கும் நீ ஒருத்திதான் நர்ஸ் போலிருக்கிறது.

என் ராஜாங்கச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சத்வா கடையில் இப்போதும் நான்தான் திரைச்சீலைச் சக்கரவர்த்தி, நான் அளவெடுக்காத ஜன்னலை இந்தத் துபாயில் சூரியன்கூட எட்டிப் பார்ப்பதில்லை. காலையில் அஜ்மானில் பஸ் ஏறும்போது கறுப்பாக இருந்த மீசை டிராபிக்கில் நின்று நின்று சத்வாவில் இறங்கும்போது வெளுத்துவிடுகிறது. எதிர்வீட்டுக் காயல்பட்டினத்து மதீனா பீவி தினமும் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புகிறார், சித்திக்கு அது ஒன்றுதான் வாயில் இறங்குகிறது, மிச்சத்தை நான் கடமை உணர்ச்சியோடு முடித்துவைக்கிறேன்.

இனி நடுவில் ஒளித்து வைத்ததற்கு வருகிறேன். நான் எதைச் சொன்னாலும் பத்தால் வகுத்து மிச்சத்தை நம்புகிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலேயே உண்டு, அது நியாயமும்கூட. ஆனால் இனி எழுதப் போவதை வகுக்காதே. ஒரு சொல்கூடக் கூட்டாமல் எழுதுகிறேன், எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

போனதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஷார்ஜா ஆலயத்தில் நம் தமிழ் ஆராதனை. உனக்கு ஞாபகம் இருக்கும், முன்னால் மலையாளம், பின்னால் உருது, நடுவில் நாம், நம் பாஸ்டர் கடைசியாக ஒன்று என்று ஆரம்பிக்கும்போதே உருதுக்காரர்கள் வாசலில் வந்து செருமத் தொடங்குவார்கள். அன்றைக்குச் சித்தி காணிக்கைத் தட்டில் நன்றிக் காணிக்கையாக ஒரு ஸ்தோத்திரக் கவர் போட்டிருந்தாள். உனக்கு அந்த ஆஸ்பத்திரியில் வேலை நிரந்தரமாயிற்றே, அதற்காக. பேர் எழுதுகிற இடத்தில் சுசீலா குடும்பம் என்று எழுதியவள் காரணம் எழுதுகிற இடத்தைப் பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் அப்படியே விட்டுவிட்டாள். நம் செயலாளர் ஞானராஜ் அண்ணனைத்தான் தெரியுமே, தலைமேல் ஏற்றி வைத்த கண்ணாடியைத் தரையில் தேடுகிற மகான். ஆறு மாதமாகச் சபை முழுவதும் உபவாசம் இருந்து சித்திக்காக ஜெபித்திருக்கிறது, அவளுக்கும் கொட்டிய முடி அப்போதுதான் கோழிக்குஞ்சு மாதிரி முளைத்திருக்கிறது, அப்படியிருக்க ஸ்தோத்திரக் கவர் என்றால் வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்று அவரே முடிவுகட்டி, சகோதரி சுசீலாவுக்குக் கர்த்தர் பூரண சுகம் கொடுத்ததற்காக என்று மைக்கில் வாசித்துவிட்டார்.

அவ்வளவுதான். சபையே எழுந்து நின்றுவிட்டது. கைதட்டல், அழுகை, யாரோ பாட்டை எடுத்துவிட, எல்லாச் சரணமும் பாடி, திரும்பவும் பல்லவி பாடி, சாட்சி சொல்ல வாருங்கள் சகோதரி என்று பாஸ்டர் கூப்பிட்டார். நோய் திரும்பி வந்தது உனக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன், பேசாமல் உட்கார், வெளியே போய் அண்ணனிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அவள் என் கையை எடுத்து என் மடியிலேயே வைத்துவிட்டுப் போனாள். மைக்கைப் பிடிக்கக் கையில் பலமில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சொன்னது இவ்வளவுதான்.

"எனக்குச் சுகமாகலைங்க. திரும்பி வந்திருக்கு. இனிமே மருந்து அதைத் தடுத்துத்தான் வைக்கும், போக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அந்தக் கவர் என் மகளுக்காகப் போட்டது. ஆனா எனக்காக இப்பப் பாடுனீங்களே, அந்தப் பாட்டைத் திருப்பித் தர மாட்டேன். இனிமேதான் அது எனக்கு வேணும்."

வாசலில் செருமிக்கொண்டிருந்த உருதுக்காரர்கள்கூட, ஒரு வார்த்தையும் புரியாமல், அடங்கிவிட்டார்கள். ஞானராஜ் அண்ணன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். பாஸ்டருக்குப் பிரசங்கம் பண்ண எத்தனையோ வசனம் தெரியும், ஒன்றும் பண்ணாமல் பீடத்தைவிட்டு இறங்கி வந்து அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்காரவைத்தார். அவள் முகம் என்னவோ சந்தையில் வெண்டைக்காய் வாங்கிவிட்டு வந்தவள் மாதிரிதான் இருந்தது. அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

ஆராதனை முடிந்து வெளியே தண்ணீர்க் குழாய் பக்கம் நின்றபோது நாகலிங்கம் வந்தார். பரமக்குடிப் பக்கத்துக்காரர், சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் இருக்கிறார், சாமி வேறு என்றாலும் வாரம் ஒரு நாள் தமிழ் கேட்கலாமே என்று நம் சர்ச் வேனில் ஏறி வருகிறவர், கடைசி பெஞ்சைத் தாண்டி வந்ததில்லை. அக்கா, சரியாகாததையும் இங்க சொல்லலாமா என்று கேட்டார். ஊரில் அவர் மகனுக்கு இன்னும் பேச்சே வரவில்லையாம், எங்கெங்கோ நேர்ந்தும் வரவில்லையாம், கேம்ப்பில் ஒருத்தரிடமும் சொன்னதில்லையாம். சித்தி, பேச்சு வந்துவிடும் என்று அவருக்குச் சொல்லவில்லை. பையன் பேர் என்ன என்று கேட்டாள். சரவணகுமார் என்றார். அந்தப் பேரைச் சொல்லி அங்கேயே, வெயிலில், ஜெபித்தாள். அந்த மனுஷன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

நேற்று போனால் அதே குழாய் பக்கம் ஒரு கும்பல் நிற்கிறது. பிள்ளை இல்லாதவர்கள், முதுகு ஒடிந்தவர்கள், ஊரில் தாயைப் புதைக்கக்கூடப் போக முடியாதவர்கள். இவர்களெல்லாம் சாட்சி சொல்லும் நேரத்தில் இத்தனை வருஷம் தலையைக் குனிந்துகொண்டே இருந்தவர்கள் மகளே, நமக்குத்தான் தெரியவில்லை. நான் உடனே அகில வளைகுடாச் சுகமாகாதோர் சங்கம் என்று பேர்வைத்து என்னையே தலைவராக நியமித்துக்கொண்டேன். உங்களுக்கு என்ன வியாதி, தின்கிற வியாதிதானே என்று சித்தி உடனே பதவியைப் பறித்துவிட்டாள்.

இதனால் அவளுக்குப் பயமே இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. ஊசி போட்டு வருகிற நாளில் குளியலறைக் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள், தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று அவளுக்கு நினைப்பு. நானும் கேட்காதவன் மாதிரி வெளியே டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பிறகு வந்து, சோறு வடித்தாச்சா என்கிறாள். பயத்தோடுதான் மகளே அந்த மைக்கை அவள் பிடித்தாள், அதனால்தான் இரண்டு கை வேண்டியிருந்தது.

ஏன் சித்தப்பா, அவ்வளவு ஜெபித்தும் ஏன் என்று கேட்டாய். உலகத்தில் எனக்குப் பதில் தெரியாத கேள்வி கிடையாது, இது ஒன்றைத் தவிர. அதனால் சித்தியிடமே கேட்டேன், நீ சர்ச்சுக்குப் போவதில்லை என்பதையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள், கோபமா இருந்தா கோபமாவே போகச் சொல்லுங்க, தெருவில நின்னு சண்டை போடுறவ பக்கத்து வீட்டுக்காரி, உள்ள வந்து சண்டை போடுறவதான் மக என்று. என் அண்ணனும் மதினியும் இறந்துபோன பிறகு உன்னை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் மாதம், நீ பீங்கான் தட்டையெல்லாம் உடைத்தபோதும் அவள் இதையேதான் சொன்னாள்.

டிசம்பர் லீவை மறக்காமல் இப்போதே எழுதிக் கொடு. அதற்கு முன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டாம் என்பது சித்தியின் கட்டளை, கிறிஸ்துமஸுக்கு வரவேண்டும், கேக்குக்கு முந்திரி உடைக்க ஆள் வேண்டும் என்கிறாள். காதைக் கட்டாமல் வெளியே போகாதே. உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக, நீ தொட்டுப் பார்க்கிற நோயாளிகள் எல்லாரையும் அவர் தொடுவாராக.

இதோடு சித்தி ஒரு ஸ்தோத்திரக் கவர் வைத்திருக்கிறாள். பேர் எழுதுகிற இடத்தில் அவள் கையாலேயே பியூலா என்று எழுதியிருக்கிறது. காரணம் எழுதுகிற இடத்தை இந்தத் தடவை வேண்டுமென்றே விட்டிருக்கிறாள். உள்ளே ஒன்றுமில்லை. அங்கே உனக்குப் பக்கத்தில் இருக்கிற எந்தச் சர்ச்சிலாவது போய்க் காலியாகவே போட்டுவிட்டு வா. பாட்டு வாயில் வராவிட்டால் பரவாயில்லை, சித்தி வாங்கி வைத்துக்கொண்ட பாட்டில் உனக்கும் பங்கு இருக்கிறது.

என்றும் உன்,
திரைச்சீலைச் சக்கரவர்த்தியும், பதவி பறிக்கப்பட்ட சங்கத் தலைவருமான
சித்தப்பா